ராட்டினம் சொன்ன நேரத்துக்கு எடுத்த ஃபேஷன் ஷூட்: முழு நிகழ்வு ஆய்வு

ஒரு கார்னிவல்ல சாயங்காலம் ஆரம்பிச்சு ராத்திரி லைட் அணைக்கிற வரைக்கும் எடுத்த ஃபேஷன் ஷூட் பத்தின முழு விவரம் இது. மூணு உடை, ஒரு மாடல், ஒரு ஸ்டைலிஸ்ட், லைட் பிடிக்க ஒருத்தர், கேமராவோட நான், அவ்வளவுதான் டீம். டிசைனர் கேட்டது ஒண்ணே ஒண்ணு, துணி அசையணும் ஆனா ப்ளீட்டும் (வரிசையா மடிச்ச துணி மடிப்பு) தையலும் தெளிவா தெரியணும். இடத்த சொன்னது நான்தான், ஏன்னா எனக்கு ஜெயன்ட் வீல்னா, அதான் அந்தப் பெரிய ராட்டினம்னா உயிர், சின்ன வயசுல இருந்தே தூரத்துல அந்த வட்டம் தெரிஞ்சாலே போதும் கால் தானா அங்கதான் போகும், அதுக்கு இன்னி வரைக்கும் ஒரு மாத்தமும் இல்ல.

இந்த ஷூட்ல இருந்து நான் எடுத்துக்கிட்ட விஷயத்த முதல்லயே சொல்லிடறேன். ராட்டினத்த பின்னாடி இருக்கிற அலங்காரமா மட்டும் பாத்தா, கலங்கலான லைட் புள்ளிகளோட ஒரு சுமாரான போர்ட்ரெய்ட் கிடைக்கும், அது எந்தத் தெருவிளக்கு முன்னாடி நின்னாலும் கிடைக்கும். ராட்டினம் எப்ப நிக்குது, எப்ப சுத்துது, எவ்வளவு வேகமா சுத்துதுன்னு பாத்து அதையே கடிகாரமா வெச்சு ஷூட்ட பிளான் பண்ணா, அந்த இடத்துல மட்டுமே கிடைக்கிற படம் கிடைக்கும். கீழ எழுதியிருக்கிறது எல்லாமே இதுக்கான காரணமும் கணக்கும்தான்.

நிக்கிற நேரமும் சுத்துற நேரமும்

கார்னிவல் ராட்டினம் எப்பவும் சுத்திக்கிட்டே இருக்காது. ஆள் ஏத்தும்போது ஒரு தொட்டிய கீழ கொண்டுவந்து நிறுத்துவாங்க, ஏத்துவாங்க, கொஞ்சம் சுத்தி இன்னொண்ணு. அதுவும் வரிசையா பக்கத்து பக்கத்து தொட்டிய நிரப்ப மாட்டாங்க, ஒரு பக்கம் மட்டும் பாரம் சேர்ந்துடக் கூடாதுன்னு எதிர் எதிர் தொட்டியா பாத்து ஏத்துவாங்க. எல்லாம் நிரம்பின பிறகுதான் நிக்காம ஓடற சுத்து. அப்புறம் மறுபடி இறக்குற வேலை, மறுபடி நிறுத்தி நிறுத்தி. இத முக்கால்வாசிப் பேர் கியூல நிக்கும்போது எரிச்சலா பாப்பாங்க, எனக்கு அதுதான் தங்கம்.

1893ல சிகாகோ உலகப் பொருட்காட்சியில ஜார்ஜ் வாஷிங்டன் கேல் ஃபெர்ரிஸ் கட்டின அந்தப் பெரிய ராட்டினமே இப்படித்தான் ஓடியிருக்கு. 264 அடி உயரம், 36 பெட்டி, ஒரு பெட்டிக்கு 60 பேர், மொத்தம் 2,160 பேர் ஒரே நேரத்துல. ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு சுத்து, முதல் சுத்துல ஆள் ஏத்தி இறக்க ஆறு இடத்துல நிக்கும், ரெண்டாவது சுத்து நிக்காம ஓடும், ரெண்டும் சேர்ந்து 20 நிமிஷம். அதாவது நின்னு நின்னு போற பாதியும் ஓடிக்கிட்டே இருக்கிற பாதியும் ராட்டினத்தோட பிறவி குணம். அத கட்டின மனுஷன் பாலங்களுக்கான இரும்ப சோதிக்கிற வேலையில இருந்த இன்ஜினியர், 1896ல 37 வயசுலயே டைஃபாய்டுல போயிட்டாரு, அந்த ராட்டினமும் 1904ல செயின்ட் லூயிஸ் பொருட்காட்சியில ஒரு தடவை ஓடிட்டு 1906ல வெடி வெச்சு இடிக்கப்பட்டது. இத நினைச்சா எனக்கு இன்னும் வருத்தமாத்தான் இருக்கும்.

அவர் ராட்டினத்துல இன்னொரு விஷயம் இருக்கு, படம் எடுக்கிறவங்களுக்கு அது முக்கியம். சைக்கிள் சக்கரத்துல மெல்லிசான கம்பிகள் இழுவிசையில சக்கரத்த தாங்குற மாதிரி, அதோட ஆரங்களும் இழுபட்டுத் தாங்குற கம்பிகள்தான், கனமான தூண்கள் கிடையாது. இன்னிக்கு இருக்கிற பல பெரிய ராட்டினமும் அந்த வழியில வந்ததுதான். ஆரம் மெல்லிசா இருக்கறதால வானம் ஊடால தெரியுது. கார்னிவலுக்கு வர்ற கழட்டி மாட்டுற ராட்டினத்துல ஆரம் கொஞ்சம் தடியான இரும்புச் சட்டமா இருக்கும், ஆனாலும் நடுவுல வானம் தாராளமா தெரியும். இவ்வளவு பெரிய ஒரு பொருள் மாடலுக்குப் பின்னாடி நின்னும் அவங்கள அமுக்காம இருக்குன்னா காரணம் இந்த இடைவெளிதான், அதே உயரத்துல ஒரு கட்டடம் நின்னிருந்தா படம் மூச்சு முட்டியிருக்கும்.

நாங்க போன இடத்துல இருந்த ராட்டினத்துக்கு 16 தொட்டி. ஃபோன்ல ஸ்டாப்வாட்ச் போட்டு பாத்தோம், முழு வேகத்துல ஒரு சுத்துக்கு 20 செகண்ட். ஏத்தி இறக்கும்போது ஒவ்வொரு நிறுத்தமும் பத்து பதினஞ்சு செகண்ட் வந்தது. இந்த ரெண்டு நம்பர் கையில கிடைச்ச உடனே பாதி ஷூட் முடிஞ்ச மாதிரி, ஏன்னா ஷட்டர் கணக்கு, அதாவது கேமரா எவ்வளவு நேரம் திறந்து வெளிச்சத்த வாங்கணும்ங்கற கணக்கு, முழுக்க இதுல இருந்துதான் வருது.

உடை வரிசைய யார் முடிவு பண்றது

ஸ்டைலிஸ்ட் கொண்டுவந்தது ஒரு சிவப்பு சாட்டின் ப்ளீட் ஸ்கர்ட், ஒரு கருநீல லாங் கவுன் முழுக்க சீக்வின் (மின்னுற சின்னச் சின்ன வில்லை) வேலைப்பாடு, ஒரு வெள்ளி நிற ஜாக்கெட்டோட கருப்பு பேண்ட். வழக்கமா கவுன்தான் ஹீரோ, அத நல்ல வெளிச்சத்துல முதல்ல எடுக்கணும்னு தோணும். நாங்க அப்படிப் போகல.

ப்ளீட் ஸ்கர்ட் முதல்ல. ஒரு தடவை அந்தத் தொட்டியில உக்காந்து எழுந்தா ப்ளீட் எல்லாம் தொடைக்குக் கீழ நசுங்கிடும், அப்புறம் ஸ்டீமர் கொண்டு வந்தாலும் அந்தக் கூர்மை வராது. அதனால அது தரையில மட்டும், சூரியன் இறங்கற நேரத்துல, பின்பக்கத்துல இருந்து வர்ற மஞ்சள் வெளிச்சத்துல. சாட்டின்ல பக்கவாட்டு வெளிச்சம் படும்போது ஒவ்வொரு மடிப்போட விளிம்புலயும் மெல்லிசா ஒரு கோடு மின்னும், நேரா முன்னாடி இருந்து ஃப்ளாஷ் அடிச்சா அந்தக் கோடு செத்துடும். டிசைனர் கேட்ட தையல் தெளிவு இந்த நேரத்துல ஃப்ளாஷே இல்லாம கிடைச்சது.

ரெண்டாவது ஜாக்கெட், ராட்டினத்துக்கு மேல. உக்காரவும் வசதி, காத்துல பறக்கற பாகமும் இல்ல, வெள்ளி நிறம் சுத்தி இருக்கிற எல்லாக் கலரையும் வாங்கிக்கும். கவுன் கடைசியா, முழு இருட்டுல, மறுபடி தரையில.

ஸ்டைலிஸ்ட் ஜாக்கெட்டோட ஒரு நீள ஸ்கார்ஃபும் வெச்சிருந்தாங்க, காத்துல பறந்தா அருமையா இருக்கும்னு. தரையில கட்டிக்கலாம், மேல ஏறும்போது கண்டிப்பா கழட்டிடணும்னு சொன்னேன், அதுல சமரசமே கிடையாது. 1927ல நைஸ் நகரத்துல நடனக் கலைஞர் இசடோரா டங்கன் கழுத்துல இருந்த நீளமான ஸ்கார்ஃப் ஓடற கார் சக்கரத்துல சிக்கித்தான் அவங்க உயிர் போச்சு. சுத்துற இயந்திரம் பக்கத்துல தொங்கற துணி, அவுத்து விட்ட நீள முடி, இடுப்புல ஆடற பெல்ட் இது எதுவும் கூடாது. முடிய பின்னி உள்ள சொருகி, ஹீல்ஸ கழட்டி பட்டையான ஷூ போட்டு, என் கேமரா ஸ்ட்ராப்ப ரெண்டு சுத்து கையில சுத்திக்கிட்டுதான் ஏறினோம். லென்ஸ் மாத்தற வேலை மேல கிடையாது, பாக்கெட்ல லூஸா எதுவும் கிடையாது, விழுந்தா கீழ நிக்கிறவங்க தலையிலதான் விழும்.

மேல போனா முகத்து வெளிச்சம் மாறிக்கிட்டே இருக்கும்

கார்னிவல் அமைப்பாளர்கள்கிட்ட முன்கூட்டியே எழுத்துல அனுமதி வாங்கியிருந்தோம், ஆனா உண்மையில நம்ம ஷூட் நல்லா வருமா வராதான்னு முடிவு பண்றது ராட்டினம் ஓட்டுற அண்ணன்தான். அவர்கிட்ட போய் என்ன வேணும்னு விளக்கினேன், "அண்ணே, ஏத்தி இறக்கும்போது எங்க தொட்டி உச்சியில நிக்கிற மாதிரி எங்கள எப்ப ஏத்தலாம்"னு கேட்டேன். அவர் யோசிக்கவே இல்ல, "எட்டு தொட்டி தள்ளி ஆள் ஏறும்போது நீங்க மேல இருப்பீங்க தம்பி, நான் பாத்துக்கறேன், ஆனா ஃப்ளாஷ் என் பக்கம் அடிக்காதீங்க, கண்ணு கூசினா கை தடுமாறும்"னாரு. 16ல பாதி எட்டு, நேர் எதிர் தொட்டி கீழ நிக்கும்போது நாம உச்சியில. அந்த ஃப்ளாஷ் விஷயத்த அவர் சொன்ன பிறகு மேல ஃப்ளாஷே எடுத்துட்டு போகல.

மேல எடுக்கற நேரமா நாங்க வெச்சிருந்தது சூரியன் மறைஞ்ச பிறகு வர்ற அந்த நீல வெளிச்சம், சூரியன் அடிவானத்துக்குக் கீழ 4ல இருந்து 6 டிகிரிக்குள்ள இருக்கிற நேரம். அது ரொம்ப நேரம் நிக்காது, பூமத்திய ரேகைக்கு கிட்ட போகப் போக இன்னும் சுருக்கமா முடிஞ்சிடும், அதனால கியூல நிக்கிற நேரத்தையும் கணக்குல சேத்துதான் பிளான் போடணும்.

தொட்டிக்குள்ள நானும் மாடலும் எதிர் எதிர் சீட், 35 எம்எம் லென்ஸ், அப்பர்ச்சர் (லென்ஸ்ல வெளிச்சம் நுழையற துளை) எஃப் 2. அங்க முகத்துல விழற வெளிச்சம் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரே மாதிரி மாறிக்கிட்டே வரும். கீழ இருக்கும்போது தரையில இருக்கிற எல்இடி பலகைகள் பக்கவாட்டுல இருந்து அடிக்கும், ஒரு கன்னம் பச்சை ஒரு கன்னம் பிங்க், துணியோட உண்மையான நிறமே தெரியாது. பாதி உயரம் தாண்டும்போது அந்தக் கலர் எல்லாம் தாடைக்குக் கீழ இறங்கிடும். உச்சிக்கு வந்தா மொத்த வானமும் ஒரு பெரிய சாஃப்ட் லைட்டா மேல இருந்து விழும், நிழலே இல்லாத நீல வெளிச்சம், ஜாக்கெட்டோட தோள் மடிப்பு, காலர், ஜிப்போட பல்லு வரைக்கும் தெளிவா தெரியும், கீழ இருந்து வர்ற மஞ்சள் மட்டும் கழுத்துக்கு அடியில ஒரு சின்ன சூடு கொடுக்கும். அதனால எக்ஸ்போஷர, அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம்ங்கற அளவ, மேனுவல்ல வெச்சு உச்சிக்கு மட்டும் பொருந்தற மாதிரி பூட்டிட்டேன். ஆட்டோவுல விட்டா கீழ ஒரு அளவு மேல ஒரு அளவுன்னு அலையும், பத்து செகண்ட் நிறுத்தத்துல அது சரியாகறதுக்குள்ள தொட்டி நகர்ந்துடும். நின்ன உடனே முதல் ரெண்டு மூணு செகண்ட் தொட்டி ஆடும், அது அடங்கினதும் 1/125 செகண்ட் ஷட்டர்ல எடுக்கலாம், முழு ஓட்டத்துல எடுத்ததுக்கு 1/250 செகண்ட விட மெதுவா போகல.

இங்க ஒரு விஷயத்த கொஞ்சம் நின்னு சொல்லணும். மாடல்கிட்ட ஏறதுக்கு முன்னாடியே உயரம் ஒத்துக்குமா, மேல நிறுத்தி வெப்பாங்க அது ஓகேவான்னு கேட்டிருந்தோம், ஓகேன்னுதான் சொன்னாங்க. ஆனா முதல் தடவை உச்சியில நின்னப்ப வ்யூஃபைண்டர்ல பாத்தா முகத்துல அழகான ஒரு அமைதி, ஃப்ரேமோட கீழ் ஓரத்துல கம்பிய பிடிச்சிருந்த கைல விரல் மூட்டு எல்லாம் வெளுத்துப் போயிருக்கு, கட்டைவிரல் நகம் கம்பியில அழுந்திக் கிடக்கு. முகம் எவ்வளவு பழகினதா இருந்தாலும் கை மறைக்காது. கேமராவ இறக்கிட்டு, தூரத்துல ஒரு இடத்த பாருங்க, கீழ பாக்க வேணாம்னு பேச்சு கொடுத்தேன், அந்த சுத்து முடியற வரைக்கும் பேசிக்கிட்டேதான் வந்தோம், அப்பப்ப அவங்க சரின்னப்ப மட்டும் எடுத்தேன். ரெண்டாவது சுத்து வேணாம்னாங்க, உடனே நிறுத்திட்டோம். ஃபேஷன் ஷூட்ல மாடலோட பயத்த எக்ஸ்பிரஷன்னு சொல்லி எடுத்து வெச்சுக்கற பழக்கம் சிலர்கிட்ட இருக்கு, அத நான் ஒத்துக்கவே மாட்டேன். நானா இருந்தா அங்கயே ராத்திரி முழுக்க உக்காந்திருப்பேன், ஆனா என் ஆசைய இன்னொருத்தர் மேல ஏத்தக் கூடாது.

இருட்டுல கவுனும் 1.3 செகண்டும்

இது இந்த ஷூட்டோட முக்கியமான பகுதி. கவுன் போட்டு மாடல் தரையில, பின்னாடி ராட்டினம் ஒரு முழு ஒளி வட்டமா. கேக்க ஈஸி, ஆனா எவ்வளவு ஷட்டர்னு அடிச்சு விட்டா சரியா வராது.

ஒரு சுத்துக்கு 20 செகண்ட்னா செகண்டுக்கு 18 டிகிரி. 16 தொட்டின்னா ரெண்டு தொட்டிக்கு நடுவுல 22.5 டிகிரி. ஒரு தொட்டியோட விளக்கு அடுத்த தொட்டி இருந்த இடத்த தொடணும்னா 22.5 வகுத்தல் 18, அதாவது 1.25 செகண்ட். கேமராவுல 1.3 செகண்ட் வெச்சா விளிம்புல விளக்குக் கோடு இடைவெளி இல்லாம மூடிடும். 1/4 செகண்ட் வெச்சா 4.5 டிகிரிதான் நகரும், வட்டம் துண்டு துண்டா நிக்கும், அதுவும் ஒரு அழகுதான், வேகம் தெரியும். ரொம்ப நீட்டி 8 செகண்ட், 10 செகண்ட்னு போனா வட்டம் வெளுத்து ஒரு தட்டு மாதிரி ஆயிடும், ஆரத்தோட அமைப்பே காணாமப் போயிடும், அதுக்கு மேல நீட்டறதுல லாபம் எதுவும் இல்ல.

இதே கணக்க லண்டன்ல இருக்கிற லண்டன் ஐங்கற பெரிய ராட்டினத்துக்கு போட்டா ஏன் அங்க இந்தப் படம் வராதுன்னு புரியும். 135 மீட்டர் உயரம், 32 கேப்சூல், ஒரு சுத்துக்கு சுமார் 30 நிமிஷம், அதாவது செகண்டுக்கு 0.2 டிகிரி. ரெண்டு கேப்சூலுக்கு நடுவுல 11.25 டிகிரி, இடைவெளி மூட கிட்டத்தட்ட 56 செகண்ட் வேணும். அது மெதுவா போறதாலதான் பொதுவா நிறுத்தாமலே ஆள் ஏறி இறங்க முடியுது. பிரமாண்டம்தான், எனக்கு ரொம்பப் பிடிக்கும்தான், ஆனா ஒரு மாடல 56 செகண்ட் நிக்க வெச்சு ஒரு ஃபேஷன் படம் எடுக்க முடியாது. வியன்னாவுல 1897ல இருந்து நிக்கிற அந்த ராட்டினமும் 64.75 மீட்டர், நிதானமா சுத்துறது, போருல எரிஞ்சு திரும்பக் கட்டினப்ப 30 பெட்டியில 15 மட்டும்தான் மாட்டினாங்க, அங்க பெட்டிக்குப் பெட்டி இடைவெளிதான் அழகு, கோடு இழுக்கிற வேலைக்கு அது ஆகாது. சின்ன கார்னிவல் ராட்டினத்தோட வேகம்தான் ஃபேஷனுக்கு தோது, மனுஷங்க மூச்ச பிடிச்சு நிக்கக்கூடிய நேரத்துக்குள்ள அது தன் வட்டத்த வரைஞ்சு முடிச்சிடும்.

1.3 செகண்ட் மாடல் அசையாம நிக்க முடியுமான்னா முழுசா முடியாது, உடம்பு லேசா ஆடத்தான் செய்யும். அதுக்குத்தான் இடத்த தேடி அலைஞ்சோம். டிக்கெட் கூண்டோட நிழல் விழற ஒரு மூலை, அங்க வேற விளக்கு நேரா படல, இருட்டு. இருட்டுல நிக்கிறவங்க மேல ஃப்ளாஷ் மட்டும்தான் வெளிச்சம், பவர குறைச்சு வெச்ச ஃப்ளாஷ் அடிக்கிற நேரம் ஆயிரத்துல ஒரு பங்கு செகண்டுக்கும் கம்மி, அந்தக் கணத்துல உடம்பு எப்படி இருக்கோ அப்படியே உறைஞ்சிடும், மீதி நேரம் கேமரா ராட்டினத்த மட்டும் வாங்கிக்கும். ஃப்ளாஷ ரியர் கர்ட்டன்ல வெச்சோம், அதாவது ஷட்டர் மூடறதுக்கு முன்னாடி கடைசியா அடிக்கும், அதனால கவுன சுழட்டி விட்ட பிறகு துணி எங்க போய் விரிஞ்சிருக்கோ அந்த முடிவுல உறையும். இடுப்ப பின்னாடி இருந்த கம்பி வேலியில லேசா சாய்க்கச் சொன்னோம், தலை ஆடறது பாதியா குறைஞ்சது.

சாஃப்ட்பாக்ஸ் (ஃப்ளாஷோட வெளிச்சத்த மென்மையாக்கற துணிப் பெட்டி) மாடலுக்கு ஒரு மீட்டர்ல, ஃப்ரேமுக்கு வெளிய ஒட்டி. தூரம் ரெட்டிப்பானா வெளிச்சம் நாலுல ஒண்ணா விழுந்துடும்ங்கறதால கிட்ட வெச்ச லைட் கவுன் மேல மட்டும் நின்னுச்சு, தரையையும் பின்னாடி இருக்கறவங்களையும் தொடல. கருநீலக் கவுன் ராத்திரி வானத்துக்கு முன்னாடி கரைஞ்சு போகக் கூடாதுன்னு பின்பக்கத்துல இருந்து ஒரு சின்ன லைட், சூடான நிற ஜெல் (லைட் முன்னாடி மாட்டுற கலர் தாள்) போட்டு, தோள்லயும் இடுப்புலயும் ஒரு கோடு. சீக்வின் இருக்கே அது தனி ரகம், ஒவ்வொண்ணும் ஒரு குட்டிக் கண்ணாடி, சுத்துற ராட்டினத்தோட விளக்கு அதுல பட்டுத் தெறிச்சு 1.3 செகண்ட்ல மயிரிழை மயிரிழையா கோடு போட்டிருந்தது, ஃப்ளாஷ்ல உறைஞ்ச சீக்வின் மேல அந்தக் கோடுகள். ஸ்க்ரீன்ல பெருசு பண்ணி பாத்தப்ப ஸ்டைலிஸ்டும் நானும் ஒண்ணும் பேசாம பாத்துக்கிட்டே இருந்தோம்.

எல்இடி பண்ற தொல்லைய கட்டாயம் சொல்லணும். எல்இடி வேகமா அணைஞ்சு அணைஞ்சுதான் எரியும், கண்ணுக்குத் தெரியாது, ஆனா வேகமான ஷட்டர்ல அதுவும் எலக்ட்ரானிக் ஷட்டர்ல படத்துல பட்டை பட்டையா இருட்டு விழும். போன உடனே 1/50ல இருந்து 1/500 வரைக்கும் ராட்டினத்த மட்டும் வரிசையா எடுத்துப் பாத்து எங்க பட்டை ஆரம்பிக்குதுன்னு குறிச்சுக்கிட்டோம், மெக்கானிக்கல் ஷட்டர் மட்டும்தான்னு முடிவு பண்ணோம். சிவப்பு எல்இடியும் நீல எல்இடியும் தனித் தனியா ஒரே சேனல (படத்தோட சிவப்பு, பச்சை, நீலம்ங்கற மூணு நிற அடுக்குல ஒண்ண) நிரப்பி வெடிக்க வெச்சிடும், மொத்த ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவ காட்டுற வரைபடம்) சாதுவா இருக்கும், சிவப்பு சேனல் மட்டும் வலது பக்கம் முட்டி நிக்கும். சேனல் சேனலா பாத்து, ரா ஃபைல்ல (கேமரா மாத்தாம சேமிக்கிற மூல ஃபைல்) ஒரு ஸ்டாப் கம்மியா, அதாவது பாதி வெளிச்சத்துல எடுத்தா காப்பாத்தலாம்.

எந்தப் படம் நின்னுச்சு

பொறுக்கும்போது பெரிய வாதம் வந்தது முழு வட்டம் தலைக்குப் பின்னாடி சரியா நடுவுல வர்ற படத்துக்குத்தான். ஃபோன்ல பாத்தா கண்ண பறிக்கும், எல்லாருக்கும் பிடிச்சது. எனக்கு அது வேணாம்னு பட்டுச்சு, ஏன்னா அதுல பார்வை வட்டத்துக்குப் போய் அங்கயே நின்னுடுது, கவுனுக்கு இறங்கவே மாட்டேங்குது. ஃபேஷன் படத்துல துணி ரெண்டாவதா தெரிஞ்சா அது வேற ஏதோ படம். 1955ல பாரிஸ் சர்க்கஸ்ல ஃபோட்டோகிராஃபர் ரிச்சர்ட் அவெடன் டியோர் உடையில டோவிமாங்கற மாடல யானைங்க நடுவுல நிறுத்தி எடுத்த படத்த பாருங்க, பக்கத்துல யானை நின்னும் கண்ணு அந்த உடையோட வெள்ளைப் பட்டை வளைவுலதான் போய் நிக்குது. அதுக்கும் முன்னாடி 1933ல ஃபோட்டோகிராஃபர் மார்ட்டின் முன்காச்சி கடற்கரையில மாடல ஓட விட்டு எடுத்தப்ப அசைவு முழுக்க மாடல்கிட்டயும் துணிகிட்டயும்தான் இருந்தது. எங்களுக்கு பின்னாடி இருக்கறது சுத்துது முன்னாடி இருக்கறது நிக்குது, அப்ப நிக்கிறதுக்கு அதிக பலம் கொடுக்கணும்.

அதனால நாங்க கொடுத்தது ராட்டினத்தோட கால்பாகம் மட்டும் வலது மேல் மூலையில வளைஞ்சு போற படம், கவுனோட கீழ் விரிப்பு அதே வளைவுல இடது கீழ் மூலைக்கு விரியுது. ஜாக்கெட்டுக்கு உச்சியில எடுத்ததுல, மாடல் தூரத்த பாத்துக்கிட்டு கை மடியில தளர்வா இருக்கிற ஒண்ணு. வெளுத்த விரலோட இருந்த ஃப்ரேம அவங்ககிட்ட காட்டி அவங்க முன்னாடியே அழிச்சுட்டேன். ப்ளீட் ஸ்கர்ட்டுக்கு ஆள் ஏத்தற நிறுத்தத்துல ராட்டினம் கூர்மையா தெரியற படம், ஆரங்களும் ப்ளீட்டும் ஒரே திசையில ஓடற மாதிரி நாலு அடி இடது பக்கம் தள்ளி நின்னு எடுத்தது. பின்னாடி கியூல இருந்த குழந்தைங்க முகம் தெரிஞ்ச எந்தப் படத்தையும் வெளிய கொடுக்கல.

டிசைனர் கவுன் படத்த முதல் பக்கத்துக்கு எடுத்துக்கிட்டாங்க. இதே டீமோட மறுபடி போறோம், இந்த தடவை ஓட்டுற அண்ணன்கிட்ட ஒரு தொட்டிய மட்டும் லைட் அணைச்சு விடச் சொல்லிக் கேக்கப் போறேன், ஒளி வட்டத்துல ஒரு இருட்டுத் தொட்டி ஓடினா 1.3 செகண்டுல அது எப்படி விழும்னு பாக்கணும்.